இன்ஸ்பெக்டரின் விரல் எப்போது சிவந்தது?

பொங்கோல்வாசி:
"லஞ்ச இன்ஸ்பெக்டரைப் பற்றி இவ்வளவு துல்லியமான தமிழ்ப் படம் வந்ததே இல்லை" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. இடைவேளைக்கு முன் அந்த இன்ஸ்பெக்டர் லஞ்சப் பணத்தை எண்ணுகிறார், எண்ணும்போதே விரல் நுனி ரோஸாகிறது. தண்ணீரே இன்னும் வரவில்லை! லஞ்சம் வாங்குபவரைக் கையும் களவுமாகப் பிடிக்க நோட்டில் தடவுவது பினாப்தலீன் பவுடர், வெள்ளை நிறம். கண்ணில் படாது என்பதால்தான் அதைத் தடவுகிறார்கள். சோடியம் கார்பனேட் கரைசலில் கையை நனைத்த பிறகுதான் ரோஸ் வரும்.

தேக்காரசிகன்:
எழுதியது நான்தான். பெயர் சொல்லியே திட்டலாமே. அந்தக் காட்சியில் அவருக்கு வியர்த்துக் கொட்டுகிறது, பார்த்தீர்களா இல்லையா? வியர்வை பட்டு மாறியிருக்கும்.

பொங்கோல்வாசி:
வியர்வை லேசான அமிலம் ஐயா. பினாப்தலீன் ரோஸாக, அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவு 8.2க்கு மேல் இருக்க வேண்டும், அதாவது காரம் வேண்டும். லிட்டர் கணக்கில் வியர்த்தாலும் மாறாது.

தேக்காரசிகன்:
கெமிஸ்ட்ரி வகுப்பு எடுக்காதீர்கள். இயக்குநர் குற்றவுணர்வைக் காட்டுகிறார்.

பொங்கோல்வாசி:
குற்றவுணர்வைக் காட்டத்தான் அசல் நடைமுறையே இருக்கிறதே! நோட்டு நம்பர்களை எழுதி, வேறு துறை அரசு ஊழியர் இருவரைச் சாட்சியாக உட்கார வைத்து, பவுடர் தடவி, நடந்ததையெல்லாம் எழுதிச் சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கும் மகஜர் போடுகிறார்கள். கேட்டால் மட்டும் கொடு என்று புகார்தாரரிடம் சொல்லி அனுப்புகிறார்கள். பிடித்ததும் வலது கையை நனைக்க ஒரு கிளாஸ் கரைசல், இடது கைக்கு ஒரு கிளாஸ். பணம் பாக்கெட்டில் இருந்தால் அந்தத் துணியையும் நனைக்க வேண்டும். கரைசலைப் பாட்டிலில் ஊற்றி, சீல் வைத்து, ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அந்தத் தெளிந்த தண்ணீர் ரோஸாகும் ஒரு நொடிக்கு எந்த வசனம் ஈடு? அதைத்தான் தூக்கி எறிந்துவிட்டார்கள்.

தெம்பனிஸ்மணி:
இதெல்லாம் இந்தியாக் கதை. நம் சிங்கப்பூர் போலீஸை வைத்து இப்படி ஒரு படம் எடுக்கவே முடியாது.

ஈசூன்தமிழ்:
மணி, 1951 அக்டோபரில் பொங்கோல் கடற்கரையில் 1,800 பவுண்டு அபின் கொள்ளை போனது. சிக்கியவர்களில் போலீஸ் துப்பறிவாளர்களே மூவர். அதுவரை லஞ்ச வழக்குகளைப் போலீஸுக்குள்ளேயே ஒரு பிரிவுதான் விசாரித்தது. அந்தக் கொள்ளைக்குப் பிறகுதான் 1952இல் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவைத் தனியாக அமைத்தார்கள். படத்துக்கு இதைவிட என்ன கதை வேண்டும்?

தெம்பனிஸ்மணி:
எழுபது வருடப் பழங்கதை. இன்று 1,00,000 வெள்ளி வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, வாங்கிய தொகையையும் கட்ட வேண்டும். யார் துணிவார்?

ஈசூன்தமிழ்:
துணிபவர் இருப்பதால்தான் சட்டமே இருக்கிறது. தேர்தல் விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் பேசினீர்கள்.

தெம்பனிஸ்மணி:
அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்?

தேக்காரசிகன்:
படத்துக்கு வாருங்கள். புகார்தாரர் இறந்ததும் வழக்கு நொறுங்கும் காட்சி துல்லியமா இல்லையா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

பொங்கோல்வாசி:
அதுவும் தப்பு. புகார்தாரர் இறந்தாலும், சாட்சி சொல்லும்போது பிறழ்ந்தாலும், லஞ்சம் கேட்டதைச் சூழ்நிலைச் சாட்சியத்தால் நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. கேட்டதையே நிரூபிக்காமல் பணத்தைக் கைப்பற்றியதை மட்டும் காட்டினால்தான் வழக்கு நிற்காது. பவுடர் தடவியவரே கை கழுவாமல் பிடிக்கப் போயிருந்தால், அவர் கையிலிருந்துதான் பவுடர் ஒட்டியது என்று வக்கீல் அங்கேயே உடைத்துவிடுவார். இத்தனை வழி இருக்க, விரலை ஏன் காய்ந்த நோட்டில் சிவக்க வைத்தார்கள்?

தேக்காரசிகன்:
மறுபடியும் விரலா? வியர்வை என்றேன்.

பொங்கோல்வாசி:
பிஎச் 8.2 என்றேன்.