புதுப்பிப்பு: கல்லீரல் புற்றுநோய் செல்லுக்கான ஆப்டமர், சாதாரண செல்லிலும் ஏன் ஒளிர்கிறது?

ஹெப்ஜி2 என்ற கல்லீரல் புற்றுநோய் செல்களுக்கென்று தேர்ந்தெடுத்து, ஒளிரும் சாயம் இணைத்த டிஎன்ஏ ஆப்டமர் (குறிப்பிட்ட இலக்கில் ஒட்டும் சிறு டிஎன்ஏ இழை), சாதாரண செல்லில் ஒட்டும் இழைகளை நீக்கும் எதிர்த்தேர்வுக்குப் பிறகும் சாதாரண கல்லீரல் செல்களில் ஒளிர்வதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். முதலில் சந்தேகிக்க வேண்டியது இறந்த செல்களைத்தான். சவ்வு கிழிந்த செல் எந்த டிஎன்ஏவையும் உள்ளே விட்டுவிடும். இறந்த செல்களுக்குள் மட்டும் நுழையும் புரொப்பிடியம் அயோடைடு சாயமிட்டு, செல்களை ஒவ்வொன்றாக ஒளியால் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் அவற்றை ஒதுக்குங்கள்.

வளர்ப்புத் தட்டிலிருந்து செல்களைப் பிரிக்க டிரிப்சின் நொதி வேண்டாம். மேற்பரப்புப் புரதங்களை வெட்டி இலக்கையே அழித்துவிடலாம். உலோக அயனிகளைப் பிடிக்கும் ஈடிடிஏ போதும். ஆனால் அதை நன்றாகக் கழுவிவிடுங்கள்: மிச்சம் இருந்தால் மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆப்டமர் சரியாக மடியாது. பிணைப்புக் கரைசலில் 5 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, கண்ட இடத்தில் ஒட்டுவதைத் தடுக்க மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராம் டிஆர்என்ஏ இருக்கட்டும். ஆப்டமரை 95 டிகிரியில் 5 நிமிடம் சூடாக்கி, உடனே பனிக்கட்டியில் வையுங்கள். எழுத்து வரிசை கலைத்த டிஎன்ஏ ஒன்றும் ஒப்பீட்டுக்குக் கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று, ஹெப்ஜி2 உண்மையில் ஹெபட்டோபிளாஸ்டோமா (குழந்தைகளுக்கு வரும் கல்லீரல் புற்றுநோய்) வகை. ஹூ-7, ஹெப்3பி என்ற மற்ற கல்லீரல் புற்றுநோய் செல்களிலும் பிணைகிறதா என்று பார்க்காமல் முடிவு சொல்லாதீர்கள்.