டோக்கனை அனுப்ப ஈதர் எதற்கு? வாலட்டில் உண்மையில் இருப்பது என்ன?

இளவேனில்:

வணக்கம். சில வாரங்களாகப் பிளாக்செயின் பற்றிப் படித்து வருகிறேன். எத்திரியம் தளத்தில் இயங்கும் ஒரு டோக்கனை நண்பர் ஒருவர் எனக்கு அனுப்பினார். வாலட்டைத் திறந்தால் 50 என்று தெரிகிறது. அதில் பத்தை அவருக்கே திருப்பி அனுப்ப முயன்றபோது, கட்டணம் செலுத்தப் போதிய ஈதர் (எத்திரியத்தின் சொந்த நாணயம்) இல்லை என்று வாலட் மறுத்துவிட்டது. என்னிடம் உள்ள டோக்கனை நான் அனுப்புவதற்கு வேறொரு நாணயம் ஏன் தேவைப்படுகிறது? அந்த டோக்கனிலேயே கட்டணத்தைக் கழித்துக்கொள்ளக் கூடாதா? பிட்காயின், ஈதர், டோக்கன் ஆகிய மூன்றையும் கட்டுரைகள் கிரிப்டோகரன்சி என்ற ஒரே பெயரால் குறிப்பிடுகின்றன. அமைப்பளவில் அவற்றுக்குள் வேறுபாடு உண்டா என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஆதிரை:

வாலட் என்ற பெயரே பலரைக் குழப்பிவிடுகிறது. அதற்குள் ஈதரும் இல்லை, டோக்கனும் இல்லை; பரிவர்த்தனைக்கு நீங்கள் கையொப்பமிடப் பயன்படும் ரகசியச் சாவி மட்டுமே இருக்கிறது. இருப்புக் கணக்குகள் யாவும் பிளாக்செயின் என்னும் பொதுப் பேரேட்டில் எழுதப்பட்டுள்ளன. அதன் நகலை உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகள் வைத்திருக்கின்றன. எந்த முகவரிக்கு எவ்வளவு ஈதர் என்பதை எத்திரியத்தின் அடிப்படை விதிகளே நேரடியாகக் கணக்கு வைக்கின்றன. டோக்கனின் கணக்கை வைத்திருப்பதோ, யாரோ ஒருவர் எழுதி அந்தப் பேரேட்டில் பதித்த ஒரு நிரல். ஸ்மார்ட் ஒப்பந்தம் எனப்படும் அந்த நிரல், இந்த முகவரிக்கு 50, அந்த முகவரிக்கு 200 என்று தனக்குள் ஓர் அட்டவணையை வைத்துக்கொள்கிறது. உங்கள் வாலட் அதனிடம் இருப்பைக் கேட்டு, வரும் விடையைத் திரையில் காட்டுகிறது. இந்தக் கேள்வி பதில்களின் வடிவத்தை, 2015 நவம்பரில் முன்மொழியப்பட்ட ஈஆர்சி-20 என்ற பொது வரையறை நிர்ணயிக்கிறது. எண்ணற்ற டோக்கன்களை ஒரே வாலட்டில் காண முடிவது அதனால்தான். ஆனால் ஒப்பந்தம் தரும் விடை நேர்மையானதா என்பதற்கு அந்த வரையறை உறுதி அளிப்பதில்லை. இதை நினைவில் வையுங்கள்.

ஆகவே டோக்கனை "அனுப்புவது" என்றால், அந்த நிரலை இயக்கி, உங்கள் வரிசையில் பத்தைக் குறைத்து நண்பரின் வரிசையில் பத்தைக் கூட்டுமாறு கேட்பது என்றே பொருள். வலையமைப்பில் பேரேட்டின் நகலை வைத்துச் சரிபார்க்கும் ஒவ்வொரு கணினியும் அந்த நிரலைத் தானே இயக்கி முடிவைச் சரிபார்க்கிறது. அந்த வேலையின் அளவைக் கேஸ் என்ற அலகால் அளந்து, அதற்கேற்ப ஈதரில் கட்டணம் வாங்குகிறார்கள். ஈதரை ஒரு தனிநபர் முகவரியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற 21,000 அலகுகள் போதும். டோக்கன் மாற்றத்தில் நிரல் இயங்குவதால் அதைவிடக் கூடுதலாகும். கட்டணமே இல்லாவிட்டால், முடிவின்றிச் சுழலும் ஒரு நிரலை அனுப்பியே ஒருவர் வலையமைப்பு முழுவதையும் முடக்கிவிடலாம்.

டோக்கனில் ஏன் கழிப்பதில்லை? அடிப்படை விதிகளின் கண்ணுக்கு டோக்கன் என்று ஒன்று இல்லை; ஏதோ ஒரு நிரலின் சேமிப்பில் உள்ள எண்கள்தாம் இருக்கின்றன. அதோடு, டோக்கனை யார் வேண்டுமானாலும் சில நிமிடங்களில், விரும்பிய பெயரில், விரும்பிய எண்ணிக்கையில் உருவாக்கலாம். அதைக் கட்டணமாக ஏற்றால், நெரிசலை உண்டாக்க நினைப்பவரே தமக்கான கட்டணத்தையும் அச்சடித்துக்கொள்வார்.

மணிமாறன்:

ஆதிரை அவர்களின் விளக்கத்தோடு, தளத்தின் சொந்த நாணயம் எதற்காக இருக்கிறது என்பதையும் சேர்க்க விரும்புகிறேன். கட்டணம் அதன் ஒரு பயன். பேரேட்டைக் காக்கும் ஊதியமாக அது இருப்பதே முதன்மையானது என்பது என் கருத்து.

2009 ஜனவரி 3 அன்று தொடங்கிய பிட்காயினில், பரிவர்த்தனைகளைத் தொகுத்துப் பதியும் ஒவ்வொரு தொகுதியும் தனக்கு முந்தைய தொகுதியின் ஹாஷை, அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் கைரேகை போன்ற எண்ணை, தாங்கி நிற்கிறது. பழைய பதிவில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அதன் பிறகு வந்த தொகுதிகள் எல்லாம் பொருந்தாமல் போகும். அவற்றை மீண்டும் உருவாக்க வேண்டுமானால், ஹாஷ் தேடும் கடும் கணிப்பு வேலையை மறுபடியும் செய்தாக வேண்டும். அந்த வேலையை நேர்மையாகச் செய்பவருக்குப் புதிய பிட்காயின் கிடைக்கிறது: தொடக்கத்தில் தொகுதிக்கு 50, 2,10,000 தொகுதிகளுக்கு ஒருமுறை பாதியாகி, 2024 ஏப்ரல் முதல் 3.125. மொத்தம் 2.1 கோடியைத் தாண்டாது. எத்திரியமும் 2015 ஜூலையில் இதேபோன்ற கணிப்பு வேலை முறையில்தான் தொடங்கியது. 2022 செப்டம்பர் 15 அன்று அது பிணை வைப்பு முறைக்கு மாறியது. இப்போது தொகுதிகளைச் சரிபார்க்க விரும்புபவர் குறைந்தது 32 ஈதரைப் பிணையாகப் பூட்டி வைக்கிறார். ஒரே இடத்துக்கு முரண்பட்ட இரண்டு தொகுதிகளை முன்மொழிவது போன்ற ஏமாற்று வேலைகளில் இறங்கினால் அதில் ஒரு பகுதியை இழக்கிறார். இந்தப் பாதுகாப்புப் பணி எதிலும் உங்கள் டோக்கனுக்குப் பங்கில்லை. அது அந்த நிழலில் குடியிருக்கிறது.

இளவேனில்:

இருவருக்கும் நன்றி. டோக்கன் அந்த நிழலில் இருப்பதால், ஈதருக்கு உள்ள அதே பாதுகாப்பு அதற்கும் உண்டு என்று எடுத்துக்கொள்ளலாமா?

கதிரோன்:

அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பலர் பணத்தை இழப்பது இந்த இடத்தில்தான். நிரல் எழுதப்பட்டபடியே இயங்கும் என்பதற்கு மட்டுமே தளம் உறுதி தருகிறது. எழுதியதிலேயே பிழை இருந்தால் அந்தப் பிழையும் பிசகாமல் இயங்கும். 2016 ஜூன் 17 அன்று, பலரின் ஈதரைத் திரட்டி வைத்திருந்த "தி டாவோ" என்ற ஒப்பந்தத்திலிருந்து ஏறத்தாழ 36 லட்சம் ஈதர் வெளியேற்றப்பட்டது. பணத்தைக் கொடுத்த பிறகே இருப்பைக் குறைக்கும்படி நிரல் எழுதப்பட்டிருந்தது; தாக்கியவர் எழுதிய ஒப்பந்தம் அந்தப் பணத்தைப் பெற்று, இருப்புக் குறையும் முன்பே மீண்டும் மீண்டும் கேட்டுப் பெற்றுக்கொண்டது. எத்திரியத்தில் எந்தக் கோளாறும் இல்லை. ஆயினும் அந்த இழப்பைச் சரிசெய்ய, அடுத்த மாதம் பேரேட்டையே இரண்டு சங்கிலிகளாகக் கிளை பிரிக்க வேண்டியதாயிற்று. அதை ஏற்காதவர்கள் பழைய சங்கிலியை எத்திரியம் கிளாசிக் என்ற பெயரில் இன்றும் தொடர்கிறார்கள்.

பிழையே இல்லாத ஒப்பந்தத்திலும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்று பார்க்க வேண்டும். டாலர் மதிப்போடு பிணைக்கப்பட்ட டெதர், யுஎஸ்டிசி ஆகிய டோக்கன்களின் ஒப்பந்தங்களில், குறிப்பிட்ட முகவரியின் இருப்பை முடக்கும் வசதி வெளியிடும் நிறுவனத்திடம் இருக்கிறது. அடிப்படை விதிகளின்படி ஈதரை அப்படி முடக்கும் பொத்தான் எவரிடமும் இல்லை. இன்னொன்று, ஏதேனும் ஒரு செயலி உங்கள் டோக்கனைச் செலவழிக்க ஒப்புதல் கேட்கும்போது, பெரும்பாலும் வரம்பற்ற தொகைக்கே கேட்கும். தேவையான அளவுக்கு மட்டும் ஒப்புதல் தாருங்கள். வேலை முடிந்ததும் அதைத் திரும்பப் பெறுங்கள்.

ஆதிரை அவர்கள் கூறியதில் ஒரு சிறு திருத்தம். கட்டணத்தை டோக்கனில் வாங்கிக்கொள்ளும் சேவைகள் இப்போது உள்ளன. ஆனால் அவற்றிலும் இடையில் நிற்கும் ஒருவர் உங்கள் சார்பில் ஈதரைச் செலுத்திவிட்டு, உங்களிடம் டோக்கனைப் பெற்றுக்கொள்கிறார்.

ஆதிரை:

திருத்தத்தை ஏற்கிறேன், அதையும் சொல்லியிருக்க வேண்டும். இளவேனில், அனுப்பும்போது பெறுநர் இடத்தில் நண்பரின் முகவரியை இடுங்கள். டோக்கன் ஒப்பந்தத்தின் முகவரியையே தவறுதலாக இட்டுவிட்டால், பல ஒப்பந்தங்கள் மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும். திருப்பி எடுக்கும் வழி நிரலில் இல்லையென்றால் அந்த டோக்கன் நிலையாகச் சிக்கிவிடும்.

இளவேனில்:

சிறிதளவு ஈதர் பெற்று, பத்து டோக்கனை அனுப்பிவிட்டேன். பிறகு அந்தப் பரிவர்த்தனையைப் பொதுப் பேரேட்டில் தேடிப் பார்த்தேன். பெறுநர் என்ற இடத்தில் நண்பரின் முகவரி இல்லை, ஒப்பந்தத்தின் முகவரிதான் இருந்தது. அனுப்பிய ஈதரின் அளவு சுழியம். நண்பரின் முகவரியும் பத்து என்ற எண்ணும் ஒப்பந்தத்துக்கு இடப்பட்ட கட்டளைக்குள் இருந்தன. நேற்று இதைப் பார்த்திருந்தால் தவறான இடத்துக்கு அனுப்பிவிட்டதாகப் பதறியிருப்பேன்.