நண்டு ஆவியும் இரவு முட்டும்: மீன் வேலை செய்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பேலியகொடையான்:
கொழும்புக்குச் சற்று வெளியே ஒரு கடலுணவு ஏற்றுமதிக் கொம்பனியில் வேலை செய்கிறேன். நண்டு அவிக்கும் பகுதி. சேர்ந்து பல வருஷமாக ஒரு தும்மல்கூட வந்ததில்லை. போன வருஷம்தான் தொடங்கியது. அவிக்கும் தொட்டியின் மூடியைத் திறந்து ஆவி கிளம்பியதும் கண் கடிக்கும், மூக்கால் தண்ணீர் ஓடும். சில மாதத்தில் இரவில் மூச்சு முட்டும் சேர்ந்துகொண்டது. வேலை நேரத்தில் பெரிதாக ஒன்றுமிருக்காது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தால்தான் நெஞ்சுக்குள் விசிலடிக்கும். வீட்டில் எல்லாரும் கொட்டாஞ்சேனைத் தூசிதான் காரணம் என்றார்கள்.

டொக்டர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "லீவு நாளில் எப்படி?" யோசித்துப் பார்த்தால், சித்திரை வருஷப்பிறப்பு லீவுக்கு ஹட்டனில் இருந்த நாட்களில் மூச்சுக்கு இழுக்கும் மருந்துப் பம்மைத் தொடவேயில்லை. அவர் ஒரு பிளாஸ்டிக் குழாய்க் கருவியைக் காட்டினார். மூச்சை நன்றாக இழுத்து ஒரே ஊதாக ஊதினால், அதிலுள்ள சிவப்பு முள் நகர்ந்துபோய், மூச்சு எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று காட்டும் ஒரு எண்ணில் நிற்கும். வேலை நாள், லீவு நாள் இரண்டிலும் காலை, மதியம், மாலை, படுக்கப் போகும்போது என்று ஊதி கொப்பியில் எழுதச் சொன்னார். சில வாரம் எழுதியதும் யாரும் விளக்காமலே தெரிந்தது: வேலைக்குப் போகப் போக எண் இறங்குகிறது, இரண்டு நாள் வீட்டிலிருந்தால் ஏறுகிறது.

நண்டு, இறாலின் சதையில் டிரோபோமயோசின் என்று ஒரு புரதம் இருக்கிறதாம். அவித்தாலும் அது கெடாது. கொதிக்கும்போது நீர்த்துளிகளோடு சேர்ந்து காற்றில் ஏறி மூச்சுக்குள் போகிறது. அதிசயம் என்னவென்றால், எனக்கு நண்டுக்கறி இன்னமும் ஒத்துக்கொள்கிறது. மூச்சு வழியாக வந்த ஒவ்வாமையில் சிலருக்கு அப்படி இருக்கலாம், ஆனால் என்றைக்கும் அப்படியே இருக்கும் என்று நினைக்காதே என்றார் டொக்டர். "சாப்பிட்டால் ஒன்றுமில்லையே, பிறகு என்ன அலர்ஜி?" என்று சூப்பர்வைசர் கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது? உங்களில் யாருக்காவது இப்படி இருக்கிறதா?

மீன்வெட்டும் அக்கா:
தம்பி, எனக்கு மூச்சில் ஒன்றுமில்லை, கைதான் பிரச்சினை. வெள்ளவத்தைப் பக்கம் ஒரு கடையில் மீன் வெட்டுகிறேன். பச்சை மீனைத் தொட்டுக் கொஞ்ச நேரத்திலேயே விரல் இடுக்கெல்லாம் தடித்துச் சிவந்துவிடும். அறக்குளா, பாரை, சாளை, எதுவானாலும் ஒன்றுதான். கழுவி ஒரு மணித்தியாலம் விட்டால் அடங்கும், பிறகு மறுபடி வரும். இப்போது தோல் தடித்து வெடித்துவிட்டது. நாள் முழுக்க ஐஸ் தண்ணீர், உப்பு, முள் குத்து, சவர்க்காரம். முதலில் இவைதான் தோலைக் கெடுக்கும், கெட்ட தோல் வழியாகத்தான் மீன் புரதம் உள்ளே போகும் என்று தோல் டொக்டர் சொன்னார்.

கிளவுஸ் போட்டால் சரியாகிவிடும் என்று எல்லாரும் சொல்வார்கள். முதலாளி வாங்கித் தந்தது பவுடர் போட்ட ரப்பர் கிளவுஸ். ரப்பர் பாலும் சிலருக்கு அலர்ஜி தரும், அந்தப் பவுடர் அதைக் காற்றிலும் பரப்பும். நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கிளவுஸ் வாங்கி, உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை போட்டேன். உள்ளே ஈரம் பட்டதும் கழற்றி மாற்றவேண்டும். மாற்றாவிட்டால் போடாமலிருப்பதே மேல்.

ஐஸ்பெட்டி:
இதையும் கேளுங்கள். கோட்டையில் ஒரு அலுவலகத்தில் மதியச் சோற்றுப் பார்சல், கெலவல்லா என்ற சூரை மீன் கறி. சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குள் நாலைந்து பேருக்கு முகம் செக்கச் சிவந்து, தலையிடி, படபடப்பு. "எங்கள் எல்லாருக்கும் மீன் அலர்ஜி" என்று ஒரே சத்தம். நான் துறைமுகத்தில் ஐஸும் மீனுமாகக் கிடப்பவன், கேட்டதும் சிரிப்பு வந்தது. ஒரே கறியைத் தின்ற இத்தனை பேருக்கு ஒரே நாளில் எப்படி அலர்ஜி வரும்? அது ஹிஸ்டமின்.

கெலவல்லா, பலயா மாதிரி சூரை மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. பிடித்த மீனை உடனே குளிராக்காவிட்டால் பக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். பல நாள் கடலில் நிற்கும் படகுகளில் மேலே போட்ட ஐஸ் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும், பெரிய மீனின் நடுச்சதை சூடாகவே கிடக்கும். ஒருமுறை ஹிஸ்டமின் உண்டாகிவிட்டால் பொரித்தாலும் அவித்தாலும் டின்னில் அடைத்தாலும் போகாது. மணத்தை வைத்தும் பிடிக்க முடியாது. சிலருக்கு வாயில் மிளகு கடித்த மாதிரி ஒரு உறைப்பு தெரியும். பிரிட்டோன் என்ற அலர்ஜி மருந்து குடித்தால் பெரும்பாலும் தணிந்துவிடும், அதனால்தான் எல்லாரும் அலர்ஜி என்று நம்பிவிடுகிறார்கள். அந்த அலுவலகத்தில் ஒரு பெண் இன்றுவரை மீனே தொடுவதில்லையாம், பாவம். மூச்சு முட்டினாலோ மயக்கம் வந்தாலோ பிரிட்டோனோடு வீட்டில் இருக்கக்கூடாது, ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். அது வேறு கதை.

விளக்குமேசை:
நான் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். கீழிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடி மேசையில் தோலுரித்த மீன் துண்டை விரித்துப் புழு இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. மீனில் ஒட்டுண்ணியாக வாழும் அனிசாக்கிஸ் புழுவின் குடம்பி இரண்டு, மூன்று சென்றிமீற்றர் நீளம் இருக்கும். நீட்டி நிற்காது, கடிகாரச் சுருள்வில் போல வட்டமாகச் சுருண்டு கிடக்கும். வெளிச்சத்தில் சதையின் நடுவே மங்கலான ஒரு வளையம் மட்டும் தெரியும். சாமணத்தால் இழுக்கும்போது அறுந்தால் பாதி உள்ளேயே நின்றுவிடும்.

பச்சையாகச் சாப்பிடுபவர்களுக்கு அந்தப் புழு உயிரோடு வயிற்றுக்குள் போய்க் குத்தும், தாங்கமுடியாத வலி. நன்றாக வேகவைத்தாலோ முறைப்படி ஆழமாக உறையவைத்தாலோ செத்துவிடும். ஐரோப்பாவில் மைனஸ் 20 பாகையில் 24 மணித்தியாலம் என்பது விதி. வீட்டு ஃபிரிட்ஜ் பலதுக்கு அந்தக் குளிர் வராது. டின்மீனில் புழு என்று அவ்வப்போது படம் பரவுமே, அது செத்த புழு, தொற்றாது.

ஆனால் வேலை செய்கிற எங்களுக்கு விஷயம் வேறு. செத்த புழுவின் புரதமும் அலர்ஜி தரும், சில புரதங்கள் சூட்டையும் தாங்கும். தென்னாப்பிரிக்காவில் மீன் பதப்படுத்தும் தொழிலாளர்களைச் சோதித்து 2006 இல் வெளியிட்ட ஆய்வில், மீனைவிட இந்தப் புழுவுக்கு உடல் எதிர்வினை காட்டியவர்களே அதிகம். எனக்குத் தும்மலும் கைத்தடிப்பும் வந்தபோது மீனுக்கான சோதனையை மட்டும் செய்து "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். புழுவைப் பற்றி யாருமே கேட்கவில்லை. வேலையைச் சொல்லுங்கள், என்ன வெட்டுகிறீர்கள், என்ன பார்க்கிறீர்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள். அவர்களாகக் கேட்கமாட்டார்கள்.

பழைய ஆய்வுகூடத்தான்:
மீனுக்கும் அலர்ஜி விஞ்ஞானத்துக்கும் பழைய உறவு. 1921 இல் ஜேர்மனியில் கூஸ்ட்னர் என்ற வைத்தியருக்குச் சமைத்த மீன் ஒத்துக்கொள்ளாது. பிரவுஸ்னிட்ஸ் என்பவர் அவருடைய இரத்த நீரை எடுத்துத் தன் தோலுக்குள் ஏற்றி, மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தினார், தடித்துவிட்டது. அலர்ஜி இரத்தத்தில் இருக்கும் ஏதோ ஒன்றால் வருகிறது என்று அப்படித்தான் தெரிந்தது. அதுதான் ஐஜிஈ என்ற பிறபொருளெதிரி என்று பெயர் பெற 1960கள் வரை ஆனது. வேலையால் வந்த மீன் அலர்ஜியைப் பற்றிய முதல் பதிவு 1937 இல், ஒரு நோர்வே மீனவருடையது.

பேலியகொடையான் தம்பிக்கு ஒன்று. பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் அலர்ஜிச் சோதனை செய்கிறார்கள். ஆனால் இறாலுக்குப் பொசிட்டிவ் வந்தாலே இறால்தான் காரணம் என்று ஆகாது. கரப்பான் பூச்சியிலும் தூசிச் சிற்றுண்ணியிலும் கிட்டத்தட்ட இதே டிரோபோமயோசின் உண்டு. கொழும்பு வீடுகளில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. உங்கள் கொப்பியில் இருக்கும் எண்கள் அந்தச் சோதனைத்தாளைவிடப் பெரிய சாட்சி, பத்திரமாக வைத்திருங்கள். சூப்பர்வைசருக்கும் அதையே காட்டுங்கள்.

பேலியகொடையான்:
நன்றி அண்ணா, அக்கா எல்லாருக்கும். கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினேன். 1942 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தில் காற்றோட்டம் பற்றி இருக்கிறது என்று யூனியன்காரர் ஒருவரும் கூட வந்து பேசினார். இப்போது என்னைப் பொதி செய்யும் பகுதிக்கு மாற்றியிருக்கிறார்கள். அவிக்கும் பகுதிக்குத் தரும் மேலதிகக் கொடுப்பனவு போய்விட்டது, அதுதான் வயிற்றெரிச்சல். இரவில் முட்டு வெகுவாகக் குறைந்துவிட்டது, பம் இன்னும் கையில் வைத்திருக்கிறேன். தொட்டிக்கு மேலே ஆவியை இழுக்கும் விசிறி பூட்டுவதாகச் சொன்னார்கள், இன்னும் பூட்டவில்லை. என் இடத்துக்கு வந்திருப்பவன் இருபது வயதுப் பையன். தரையை அழுத்தக் குழாயால் பீச்சிக் கழுவுகிறான், அதுவும் புரதத்தைக் காற்றில் கிளப்பும். தண்ணீரை மெதுவாக விட்டுத் தள்ளிக் கழுவச் சொன்னேன். துணி மாஸ்க்தான் போடுகிறான், நுண்துளிக்கு அது போதாது. என்95 ஒன்று நாள் முழுக்க அந்த ஆவிக்குள் போட்டு வேலை செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஈரத்தில் எவ்வளவு நேரம் தாங்கும்?