நூற்றாண்டு மலர்: வேர்டு கோப்பு அச்சகக் கணினியில் வேறு மாதிரி திறக்கிறது, எழுத்துருவை உள்ளே பதித்தால் சரியாகுமா?

மலர்க்குழு டீச்சர்:

வணக்கம். எங்கள் பள்ளியின் நூற்றாண்டு மலரை வேர்டில் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். என் மடிக்கணினியில் எல்லாம் அழகாகத் தெரிகிறது. அதே கோப்பைப் பென் டிரைவில் போட்டு அச்சகத்துக்குக் கொண்டுபோனால், வேறு யாரோ தொகுத்த மலர் போலத் திறக்கிறது.

நான் அடித்த பக்கங்கள் தமிழில்தான் இருக்கின்றன, ஆனால் எழுத்தின் வடிவம் மாறிவிட்டது. நான் லதா எழுத்துருவில் அடித்தேன், அங்கே வேறு ஏதோ ஒன்று. வரிகள் நீண்டு, படங்கள் அடுத்த பக்கத்துக்குத் தாவி, பொருளடக்கத்தில் 40 என்று போட்ட கட்டுரை 43-இல் நிற்கிறது. முன்னாள் மாணவர்கள் சிலர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து அனுப்பிய கட்டுரைகள் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகின்றன. கல்வி அலுவலகத்தில் இருந்து வந்த வாழ்த்துரை வானவில் என்ற இன்னொரு எழுத்துருவில் இருக்கிறது, அதுவும் அப்படித்தான். அச்சகத்தார் என் பக்கங்களை எடுத்துப் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டிப் பார்த்தார். வெறும் கேள்விக்குறிகள்.

எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதிக்கலாம் என்று கேள்விப்பட்டேன். எங்கே போய்ச் செய்ய வேண்டும்? செய்தால் இவை மூன்றும் சரியாகுமா? மலர் முழுவதையும் ஒரே எழுத்துருவுக்கு மாற்றவும் ஆசை. ஆனால் எல்லாவற்றையும் செலக்ட் செய்து ஃபான்ட் மாற்றினால், பாமினிக் கட்டுரைகள் என் கணினியிலேயே ஆங்கிலமாகிவிடுகின்றன. எங்கள் பழைய தலைமையாசிரியர் தள்ளாத வயதில் கையால் எழுதி, பேரனை வைத்து அடித்து அனுப்பிய கட்டுரையும் அதில் இருக்கிறது. ஓர் எழுத்துகூடக் கெடாமல் வர வேண்டும்.

டிடிபி அண்ணன்:

டீச்சர், மூன்றும் வெவ்வேறு கோளாறு. ஃபான்ட் பதிப்பது முதலாவதைத் தீர்க்கும். இரண்டாவதை மறைத்து வைக்கும், அவ்வளவுதான். மூன்றாவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

முதலாவதைப் பார்ப்போம். வேர்டு கோப்புக்குள் எழுத்தின் வடிவம் இருக்காது, ஃபான்டின் பெயர் மட்டும்தான் இருக்கும். திறக்கிற கணினியில் அந்தப் பெயரில் ஃபான்ட் இல்லையென்றால் வேர்டு கையில் கிடைத்த இன்னொன்றைப் போட்டுக் காட்டும். லதா ஒரு காலத்தில் விண்டோஸோடு தானாகவே வந்தது. விண்டோஸ் 10-இல் இருந்து அது ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்’ என்ற விருப்பத் தொகுப்புக்குள் போய்விட்டது. தமிழைச் சேர்க்காத கணினியில் லதா இருக்காது, பெரும்பாலும் நிர்மலா என்ற ஃபான்ட் வந்து நிற்கும். இரண்டின் அகலமும் ஒன்றல்ல, அதனால்தான் உங்கள் 40 அங்கே 43 ஆனது.

பதிக்க: ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போங்கள். அடியில் ‘எம்பெட் ஃபான்ட்ஸ் இன் த ஃபைல்’ இருக்கும், அதை டிக் செய்யுங்கள். அதற்குக் கீழே இரண்டு கட்டங்கள் உண்டு, இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பயன்படுத்திய எழுத்துகளை மட்டும் பதி என்பது ஒன்று. அதை டிக் செய்தால் கோப்பு சிறியதாகும், ஆனால் அச்சகத்தில் ஒரு திருத்தம் போடும்போது மலரில் எங்குமே வராத எழுத்து ஒன்று தேவைப்பட்டால் அது வேறு ஃபான்டில் வந்து நிற்கும். திருத்தம் பாக்கி இருக்கும்வரை அதை விட்டுவிடுங்கள். பொதுவான சிஸ்டம் ஃபான்ட்களைப் பதிக்காதே என்பது இன்னொன்று. டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். விண்டோஸோடு வருகிற ஃபான்டை வைத்து அடித்துவிட்டு இதை அப்படியே விட்டால், பதித்ததாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள், உள்ளே ஒன்றும் இருக்காது.

எல்லா ஃபான்டும் பதிக்கவும் விடாது. ஃபான்ட் கோப்பை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸ், டீட்டெயில்ஸ் பாருங்கள். ‘ஃபான்ட் எம்பெடபிலிட்டி’ என்ற இடத்தில் இன்ஸ்டாலபிள் அல்லது எடிட்டபிள் என்று இருந்தால் கவலையில்லை. பிரின்ட், பிரிவியூ என்று இருந்தால் பார்க்கலாம், அச்சடிக்கலாம், திருத்த முடியாது. ரெஸ்ட்ரிக்டட் என்றால் வேர்டு அதைத் தொடாது. ஃபான்ட் செய்தவர் கொடுத்த அனுமதி அது.

கேள்விக்குறி விஷயம்: பேஜ்மேக்கருக்கு யூனிகோட் (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறை, உங்கள் லதா பக்கங்கள் அதில்தான் இருக்கின்றன) தெரியாது. 2001-இல் வந்த 7-ஆம் பதிப்போடு அதன் காலம் முடிந்துவிட்டது. அங்கே எதைப் பதித்தும் பயனில்லை. பிடிஎஃப் கொடுத்தால் அப்படியே அச்சடிப்பார்களா என்று கேளுங்கள். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில்தான் வைப்போம் என்றால், பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ போடச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும்.

யாழ் தட்டச்சர்:

வணக்கம் ரீச்சர். பாமினி பற்றி நான் சொல்கிறேன், எங்கள் பக்கத்தில் இன்றும் அதில்தான் பாதிப்பேர் ரைப் செய்கிறார்கள்.

பாமினியில் ‘தமிழ்’ என்று தெரிகிற சொல், கோப்புக்குள் ஆங்கில ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. அந்த ஜே-க்கு ‘த’ என்று படம் வரைந்து வைத்திருக்கிறது ஃபான்ட். படத்தைக் கழற்றினால் ஜே வெளியே தெரியும். நீங்கள் ஃபான்டை மாற்றும்போது நடப்பது இதுதான். பாமினியைக் கோப்பில் பதித்தாலும் கண்ணுக்குத் தமிழாகத் தெரியுமே தவிர, உள்ளே தமிழ் இராது. தேடினால் அகப்படாது, வேறு எழுத்துருவுக்கும் போகாது. ஆகவே முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், அதன் பிறகு பதியுங்கள். இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம்.

மாற்றுவதற்கு என்எச்எம் கன்வர்ட்டர் இருக்கிறது, சுரதாவின் பொங்குதமிழ் இருக்கிறது. வானவில்லையும் இப்படித்தான் மாற்ற வேண்டும், ஆனால் எந்த ஆங்கில எழுத்துக்கு எந்தத் தமிழ் எழுத்து என்ற அதன் அட்டவணை வேறு. பாமினி என்று தெரிவுசெய்து வானவில் உரையை ஒட்டினால் குப்பைதான் வரும்.

ஓர் எச்சரிக்கை. கட்டுரை முழுவதையும் அள்ளி மாற்றியில் போட வேண்டாம். பாமினியில் காற்புள்ளி விசையில் ‘இ’ இருக்கிறது. ரைப் செய்தவர் காற்புள்ளிக்கு மட்டும் ஆங்கில எழுத்துருவுக்குப் போய் வந்திருந்தால், மாற்றி அதையும் ‘இ’ ஆக்கிவிடும். ‘கந்தையாஇ முருகேசுஇ செல்லம்மா’ என்று வரும். எங்கள் நாட்டுச் செய்தித் தளங்களில் இந்த ‘இ’ இன்றைக்கும் நிறையக் கிடக்கிறது. ஆங்கிலத்தில் இருக்கும் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் இப்படியே சிதையும்.

அதற்கு வேர்டிலேயே வழி உண்டு. அட்வான்ஸ்டு ஃபைண்டில் மோர், ஃபோர்மற், ஃபொன்ற் என்று போய்ப் பாமினியைத் தெரிவுசெய்யுங்கள். தேடும் சொல்லை வெறுமையாக விட்டு, ‘ஃபைண்ட் இன்’ என்பதில் முதன்மை ஆவணத்தைக் கொடுங்கள். பாமினியில் உள்ள பகுதிகள் மட்டும் ஒரே தடவையில் தெரிவாகும். அவற்றுக்குச் சிவப்பு நிறம் கொடுத்துவிடுங்கள். கறுப்பில் எஞ்சுவது எல்லாம் மாற்றக்கூடாதவை. அவற்றைத் தனியே எழுதி வைத்துக்கொண்டு மாற்றிய உரையில் சரிபார்க்கலாம்.

மலர்க்குழு டீச்சர்:

இருவருக்கும் நன்றி. சிவப்பு நிறம் கொடுத்துப் பார்த்ததும் எவ்வளவு கலந்து கிடக்கிறது என்று தெரிந்தது. தலைமையாசிரியர் ஐயாவின் கட்டுரையில் காற்புள்ளிகள் எல்லாம் கறுப்பு! அவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்துவிட்டேன். மாற்றிய உரை படிக்க நன்றாக இருக்கிறது.

அண்ணா, இப்போது ஒரே எழுத்துருவுக்கு மாற்றப் பார்க்கிறேன். நோட்டோ செரிஃப் தமிழ் இறக்கி வைத்திருக்கிறேன். நார்மல் ஸ்டைலில் அதைப் போட்டால் ஆங்கிலமும் எண்களும் மாறுகின்றன, தமிழ் அசையவில்லை. எழுத்தின் அளவும் அப்படியே நிற்கிறது.

லிப்ரே ஆபீஸ்காரன்:

டீச்சர், நடுவில் நுழைகிறேன். தமிழை வேர்டு ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்’ என்ற கணக்கில் வைத்திருக்கிறது. ஸ்டைலைத் திருத்தும் இடத்தில் ஃபார்மட், ஃபான்ட் போனால் இரண்டு பகுதி தெரியும். மேலே லத்தீன் எழுத்துக்கு, கீழே காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்டுக்கு. கீழே உள்ளதில் நோட்டோவைத் தேர்ந்தெடுத்து, அளவையும் அங்கேயே தனியாகக் கொடுங்கள். தலைப்பு ஸ்டைல்களுக்கும் இதே வேலை உண்டு. லிப்ரே ஆபீஸிலும் தமிழுக்குத் தனி இடம்தான். அங்கே பதிக்கும் வசதி ஃபைல், ப்ராப்பர்டீஸ், ஃபான்ட் என்ற தாவலில் இருக்கிறது.

நோட்டோவைக் கூகுளில் இருந்து இறக்கியிருந்தால் ஜிப்புக்குள் ‘வேரியபிள்’ கோப்பு ஒன்றும் ‘ஸ்டாட்டிக்’ என்ற கோப்புறையும் இருக்கும். ஸ்டாட்டிக்கில் உள்ள ரெகுலரையும் போல்டையும் நிறுவுங்கள். வேரியபிளை வேர்டு சரியாகக் கையாள்வதில்லை. போல்டு நிறுவாவிட்டால் ரெகுலரையே தடித்துக் காட்டும், அச்சில் ‘ணை’, ‘ஞ’ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். நோட்டோ திறந்த உரிமத்தில் வருவது, பதிக்கத் தடையில்லை. நான் இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நூறு வருடப் பள்ளியின் மலர், இன்னும் ஐம்பது வருடம் கழித்து யாராவது திறந்து பார்ப்பார்கள். அப்போது எந்தக் கடையிலும் வாங்க முடியாத ஃபான்டில் அது இருக்கக்கூடாது. தமிழக அரசே 2010-இல் ஒருங்குறியையும் (யூனிகோட்) டேஸ் 16 என்ற தமிழ்க் குறியீட்டு முறையையும் தரமாக அறிவித்துவிட்டது, ஆனாலும் வானவில் வாழ்த்துரைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இன்னொன்றையும் சரிபாருங்கள். பாமினியில் இருந்து மாற்றிய உரையில் ‘கௌரவ’ என்பது ‘கெளரவ’ என்று வந்திருக்கும். முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி, இரண்டாவதில் இருப்பது ஒற்றைக்கொம்போடு ‘ள’ என்ற முழு எழுத்து. கண்ணுக்கு வித்தியாசம் சட்டென்று தெரியாது. தேடினால் ஒன்று கிடைக்கும்போது மற்றது கிடைக்காது, வரி முடிவில் ‘கெ’ ஒரு பக்கம் ‘ளரவ’ ஒரு பக்கம் என்று பிரியவும் கூடும். மலரில் கௌரவத் தலைவர், கௌரவ விருந்தினர் எல்லாம் இருப்பார்களே, தேடி மாற்றுங்கள். ‘மௌனம்’, ‘சௌந்தரம்’, ‘பௌர்ணமி’ ஆகியவற்றையும்.

மலர்க்குழு டீச்சர்:

காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் பகுதியில் போட்டதும் மொத்த மலரும் மாறிவிட்டது! நீங்கள் சொன்ன ‘கெளரவ’ நிறைய இருந்தது, சௌந்தரம் டீச்சரின் பெயரே தவறாகத்தான் இருந்தது. அச்சகத்தார் பிடிஎஃப் போதும் என்கிறார். அதில் எழுத்துரு பதிந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டிடிபி அண்ணன்:

வேர்டில் சேவ் ஆஸ் போய்ப் பிடிஎஃப் தேர்ந்தெடுத்து, ஆப்ஷன்ஸில் பிடிஎஃப்/ஏ என்பதை டிக் செய்யுங்கள். நீண்ட நாள் பாதுகாப்புக்காக 2005-இல் வந்த ஐஎஸ்ஓ 19005 தரம் அது. அதன்படி எல்லா எழுத்துருவும் உள்ளே இருந்தே ஆக வேண்டும். பிறகு அக்ரோபாட் ரீடரில் திறந்து கன்ட்ரோல், டி அழுத்தி ஃபான்ட்ஸ் தாவலைப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ‘எம்பெடட் சப்செட்’ (பயன்படுத்திய எழுத்துகள் மட்டும் பதிந்தவை) என்று இருக்க வேண்டும். அது இல்லாமல் வெறும் பெயர் இருந்தால் அந்த ஃபான்ட் பதியவில்லை. பட்டியலில் லதாவோ பாமினியோ எட்டிப் பார்த்தால் எங்கோ ஒரு படக்குறிப்போ, பக்க எண்ணோ, அட்டவணையோ மாறாமல் இருக்கிறது என்று பொருள். ஹெட்டர், ஃபுட்டர், டெக்ஸ்ட் பாக்ஸ் மூன்றையும் முதலில் தேடுங்கள்.

லிப்ரே ஆபீஸ்காரன்:

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு: பாப்ளர் என்ற பிடிஎஃப் கருவித் தொகுப்போடு வரும் ‘பிடிஎஃப் ஃபான்ட்ஸ்’ கட்டளை இதையே அட்டவணையாகத் தரும். பதிந்ததா, பகுதி பதிவா, யூனிகோட் அட்டவணை உண்டா என்று மூன்று பத்தி. சப்செட்டாக இருந்தால் பெயருக்கு முன்னால் ஆறு பெரிய எழுத்தும் ஒரு கூட்டல் குறியும் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

டீச்சர், பிடிஎஃபில் இருந்து காப்பி செய்து ஒட்டினால் கொம்புகள் இடம் மாறி வரலாம். அச்சில் அந்தக் குறை வராது. வடிவம் பதிந்திருப்பது ஒன்று, அந்த வடிவம் எந்த எழுத்து என்ற தகவல் இருப்பது இன்னொன்று. அதனால் பிடிஎஃபை மட்டும் வைத்துக்கொள்ளாமல் ஃபான்ட் பதித்த வேர்டு கோப்பையும் பள்ளியில் சேமித்து வையுங்கள்.

மலர்க்குழு டீச்சர்:

பட்டியலில் பாமினி இருந்தது! பழைய ஆசிரியர்கள் படத்துக்குக் கீழே ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ். மாற்றிவிட்டேன். இப்போது எல்லாம் ‘எம்பெடட் சப்செட்’. அச்சகத்தில் திறந்து பார்த்தார்கள், பொருளடக்கமும் பக்க எண்களும் சரியாக இருக்கின்றன.

கடைசியாக ஒன்று. அட்டையைக் கோரல் டிராவில் செய்தவர், எழுத்துகளைக் கர்வ்ஸ் ஆக்கித் தரட்டுமா என்கிறார். உள்பக்கங்களையும் அப்படிச் செய்துவிடலாமா?

டிடிபி அண்ணன்:

அட்டைக்குத் தாராளமாகச் செய்யலாம், நாங்களும் அப்படித்தான் கேட்டு வாங்குவோம். எழுத்து கோடாகிவிடுவதால் ஃபான்டே தேவைப்படாது. ஆனால் கர்வ்ஸ் ஆக்குவதற்கு முந்தைய கோப்பையும் அவரிடம் கேட்டு வாங்கி வையுங்கள், ஆண்டு எண் ஒன்றைத் திருத்த வேண்டும் என்றாலும் அது வேண்டும். உள்பக்கங்களுக்கு வேண்டாம். கோப்பு கனத்துவிடும், சிறிய எழுத்து சற்றுத் தடிப்பாக விழும், உரையாக எதையும் தேட முடியாது.

முழு அச்சுக்கு முன் மாதிரிப் பக்கம் எடுக்கச் சொல்லுங்கள். தலைமையாசிரியர் ஐயாவின் கட்டுரைப் பக்கத்தையே எடுக்கட்டும், அவரையே படித்துப் பார்க்கச் சொல்லலாம்.