வளவில் ஒரு ட்ரெட்மில்: வீட்டிலா, ஜிம்மிலா? நம்ம செட்டிநாட்டு ஊர் அனுபவங்கள்

கோட்டையூர்க்காரி:

அப்பச்சிக்கு (எங்கள் அப்பாவுக்கு) வயது 71. சர்க்கரை கூடிவிட்டது, தினம் அரை மணி நேரம் நடங்கள் என்று டாக்டர் சொன்ன அன்று ராத்திரியே தம்பி சிங்கப்பூரிலிருந்து பணம் போட்டுவிட்டான். விடியற்காலை ரோட்டில் நாய்த் தொல்லை, அதனால் வீட்டிலேயே நடக்கட்டும் என்று ட்ரெட்மில் வாங்கினோம். 42 ஆயிரம். காரைக்குடியில் ஜிம் விசாரித்தபோது மாதம் ஆயிரம் சொன்னார்கள். மூன்றரை வருடக் கட்டணத்தில் மிஷினே வந்துவிடுகிறதே என்று கணக்குப் போட்டது நான்தான். பிளக் பாயிண்ட் இருந்ததால் வீட்டின் பின்பகுதியில், இரண்டாங்கட்டில் வைத்தோம்.

இருபது நாள் ஒருநாள் தவறாமல் நடந்தார். இருபத்தோராம் நாள் காபி கொண்டுபோனேன். நான் வந்தது அவருக்குத் தெரியவில்லை. எதிர்ச் சுவரையே பார்த்தபடி நடந்துகொண்டிருந்தார். கைப்பிடியைப் பிடித்திருந்த விரல் மூட்டெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. உதடு மட்டும் முருகா, முருகா என்று அசைந்துகொண்டே இருந்தது. வேகம் என்னவோ மணிக்கு 2.5 கிலோமீட்டர்தான். இறங்கி வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருக்கு ஆத்தா, தம்பி காசு வீணாப் போகல" என்றார்.

இருபது நாளும் பயந்துகொண்டே நடந்திருக்கிறார். உங்களுக்கு இது ஒத்துவருகிறதா என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த வாரம் நடந்துகொண்டிருக்கும்போதே கரண்ட் போய், பெல்ட் டக்கென்று நின்று, முன்னால் சாய்ந்துவிட்டார். நல்ல வேளை, அடி இல்லை. அன்றோடு மிஷினை விட்டுவிட்டு வளவை (வீட்டு நடு முற்றத்தை) சுற்றி வெறுங்காலோடு நடக்க ஆரம்பித்தார். தூணடியில் ஒரு செம்பு, மடியில் 40 புளியங்கொட்டை. ஒரு சுற்றுக்கு ஒரு கொட்டை செம்பில் விழும். அந்தச் சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்கும்.

மிஷினை விற்றுவிட்டு ஜிம்மில் சேர்க்கலாமா? தம்பியிடம் எப்படிச் சொல்வது?

தேவகோட்டை:

ஜிம் என்றால் வருடக் கட்டணம் மட்டும் கட்டிவிடாதீர்கள். பொங்கல் ஆஃபர் என்று 12 மாதத்துக்கு 8,000 வாங்கினார்கள். மூன்று மாதம் நன்றாகத்தான் போனது. பங்குனியில் ஒருநாள் காலை ஐந்தரைக்குப் போகிறேன், ஷட்டர் பாதி திறந்திருக்கிறது. உள்ளே விளக்கு இல்லை. வாசலில் ஒரு டாடா ஏஸ் நிற்கிறது. நான் தினமும் ஏறும் கிராஸ் ட்ரெய்னரைப் படுக்கப்போட்டுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். தோளில் துண்டும் கையில் தண்ணீர் பாட்டிலுமாக நின்றேன். ஏற்றுகிற பையன், "அண்ணே, கொஞ்சம் தள்ளிக்குங்க" என்றான். தள்ளி நின்றேன். 8,000 ரூபாயை விட அப்படித் தள்ளி நின்றதுதான் இன்றைக்கும் மனதில் நிற்கிறது. எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

ஓனர் போன் எடுக்கவே இல்லை. கட்டியதற்கு ரசீதும் இல்லை.

மாஸ்டர், காரைக்குடி:

தேவகோட்டை அண்ணனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்கு நடந்தது தப்புதான். ஆனால் அதைப் படிக்கிறவர்கள் ஊரில் ஜிம் நடத்துகிற எல்லோரும் ஓடிப்போகிறவர்கள் என்று நினைத்துவிடுவார்கள். 2020 மார்ச்சில் மூடச் சொன்னார்கள், ஆகஸ்டில்தான் திறக்கவிட்டார்கள். அத்தனை மாதமும் வாடகையும் மிஷின்களுக்கான மாதத் தவணையும் நிற்கவில்லை. நான் வேலை பார்த்த இடத்தில் தினமும் ஷட்டரைத் தூக்கி, ஒரு டம்பெல் விடாமல் துடைத்து வைத்துவிட்டு மூடுவேன். துடைக்காவிட்டால் துரு பிடித்துவிடும். ஒரு நாள் ரிட்டையர் ஆன சார் ஒருவர் முகக்கவசத்தோடு வாசலில் வந்து நின்று, அந்த மாதக் கட்டணத்தைக் கவரில் போட்டு நீட்டினார். "மூடியிருக்கே சார்" என்றேன். "நீ தொடைச்சுக்கிட்டுத்தானே இருக்கே" என்றார். கையில் வாங்கியபோது வாய் திறந்து நன்றி சொல்ல முடியவில்லை. பிறகு அவர் ஊர் மாறிப் போய்விட்டார்.

ஆச்சி, உங்கள் அப்பச்சிக்கு: நடை மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்கு, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வேலை. 65 தாண்டியவர்கள் வாரம் மூன்று நாள் நிலைதடுமாறாமல் நிற்பதற்கான பயிற்சியும் செய்ய வேண்டும். வயசாளிகளுக்கு விழுவதுதான் பெரிய ஆபத்து. இதை வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லை. மெஷினை வாங்கிப்போட்டுவிட்டு உடம்பு தேறும் என்று சோம்பலாக இருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஜிம் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆகிவிட்டது. இன்னும் 18 போட்டு பில் கொடுத்தால் கேளுங்கள்.

புதுவயல் மோட்டார்க்காரர்:

என் கதை சின்னது. இரண்டு வருடத்துக்கு முன் பக்கத்து ஊரில் ஒரு வீட்டில், ட்ரெட்மில்லில் புகை வருகிறது என்று கூப்பிட்டார்கள். முகப்பில் கால் வைத்ததுமே தேங்காய் எண்ணெய் காய்கிற வாசம். பெல்ட் சத்தம் போடுகிறதே என்று அந்த வீட்டு அம்மா அரைப் பாட்டில் தேங்காய் எண்ணெயை உள்ளே ஊற்றியிருக்கிறார். பெல்ட் பலகையோடு ஒட்டி, மோட்டார் இழுத்து இழுத்துக் காயில் கருகிவிட்டது. "தலைக்கு நல்லதுன்னா இதுக்கும் நல்லதுன்னு நெனச்சேன் தம்பி" என்று அழுதார். அவருடைய மகன் அனுப்பிய மிஷின் அது.

இப்போது கவனமாகக் கேளுங்கள், இனி யாரும் இப்படிப் பணத்தைத் தொலைக்கக் கூடாது. பெல்ட்டுக்கும் பலகைக்கும் நடுவில் சிலிக்கான் எண்ணெய் மட்டுமே போட வேண்டும். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பது மிஷினோடு வரும் புத்தகத்தில் இருக்கும். பெல்ட்டை ஓரத்தில் தூக்கி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள், வறவற என்று காய்ந்திருந்தால் எண்ணெய் கேட்கிறது என்று அர்த்தம். பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கினால் பின்னால் இரண்டு மூலையிலும் எல்-கீ போடும் திருகு இருக்கும், கால் சுற்று திருகிவிட்டு ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். ஒரேயடியாக இறுக்கக் கூடாது. வாங்கும்போது எத்தனை ஹெச்பி என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது ஒரு நொடி உச்சத்தில் இழுக்கும் சக்தி. தொடர்ந்து எத்தனை ஹெச்பி ஓடும் என்று கேளுங்கள், அதுதான் உண்மைக் கணக்கு. ஒரு ஹெச்பி என்றால் 746 வாட். இரண்டு ஹெச்பி மோட்டார் ஒன்றரை கிலோவாட்டுக்கு வந்துவிடும். வீட்டு இன்வெர்ட்டர் 800, 900 விஏதான், அதாவது ஒரு கிலோவாட்டுக்கும் குறைவு, அது இதைத் தாங்காது. பவர் பிளக்கில்தான் சொருக வேண்டும், எக்ஸ்டென்ஷன் வயர் கூடவே கூடாது.

நம்ம பக்கத்துப் பழைய வீடுகளில் நான் முதலில் பார்ப்பது எர்த். பர்மா தேக்குத் தூணும் முட்டை வெள்ளைக்கரு பூசிய சுவரும் நூறு வருடம் நின்றிருக்கும். அந்தச் சுவருக்கு மேல் மரச்சட்டத்தில் ஓடும் பழைய வயரிங் தாங்காது. தனி லைன் இழுத்துப் போடுங்கள். ஆத்தங்குடி கல் தரை என்றால் கனமான ரப்பர் மேட் போட்டுத்தான் மிஷினை வைக்க வேண்டும், அதிர்வில் கல் விரிசல் விட்டால் அதே பூவில் மறுகல் கிடைப்பது கஷ்டம்.

கோட்டையூர் தங்கச்சி, மிஷினோடு ஒரு சிவப்புச் சாவி நூலில் தொங்கும். அதை அப்பச்சி சட்டையில் மாட்டியிருந்தீர்களா? ஆள் சறுக்கினால் அது கழன்று பெல்ட் நின்றுவிடும். கரண்ட் போகிறபோது அதனால் பயன் இல்லை, மற்றபடி உயிர் காக்கிற சாமான். முக்கால்வாசி வீட்டில் அது பிரிக்காத கவரிலேயே கிடக்கிறது.

கண்டனூர் மருமகள்:

மோட்டார், எர்த் எல்லாம் சரி அண்ணே. அந்த மிஷின் மேல் ஏற வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு அரை மணி நேரம் யார் கொடுப்பது? வீட்டில் செய்கிறவர்கள் சோம்பல் என்று மாஸ்டர் எழுதியதைப் படித்ததும் வருத்தமாக இருந்தது.

என்னிடம் மேட், இரண்டு கிலோ டம்பெல், ரப்பர் பேண்ட் எல்லாம் இருந்தன. மேட்டை விரிப்பேன். "ஆத்தா, பால்காரர் நிக்கிறார்." திரும்பி வந்து படுப்பேன். "அம்மா, சாக்ஸ் காணோம்." ஒரு வருடத்தில் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் கிடைத்த நாள் எனக்கு நினைவில்லை. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. கண் முன்னால் இருந்தால் கூப்பிடத்தான் செய்வார்கள்.

பத்திலிருந்து பன்னிரண்டு வரை பெண்களுக்கு மட்டும் என்று நேரம் ஒதுக்கிய ஜிம்மில் சேர்ந்தேன். மாதம் 900. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு முதுகு வலிக்கும் என்று ஒரு குடம் தண்ணீர் கூட என்னைத் தூக்கவிட மாட்டார்கள். அங்கே இருந்த அக்கா முதல் மாதம் முழுக்கக் குனிந்து நிமிர மட்டும் சொல்லிக்கொடுத்தார், வெறுங்கையோடு. அப்புறம் ஒருநாள், 20 கிலோ பாரில் இரண்டு பக்கமும் ஐந்தைந்து மாட்டி, "தரையை மிதிச்சுத் தள்ளு, கையால இழுக்காதே" என்றார். தள்ளினேன். பார் தரையை விட்டுக் கிளம்பிவிட்டது. தலைக்கு மேல் ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. முப்பது கிலோ, என் தொடைக்கு நேராக, என் கையில்.

பஸ்ஸில் வரும்போது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பார் அழுத்திய சிவப்புக் கோடு வீடு வரும்வரை மறையவில்லை. வீட்டில் யாரிடமும் காட்டவில்லை. ஏன் காட்டவில்லை என்று இப்போதும் யோசிக்கிறேன்.

ஆச்சி, இன்னொன்று. சர்க்கரை உள்ளவர் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் குத்தினதே தெரியாது, புண் ஆறவும் நாளாகும். எங்கள் மாமனாருக்குப் பார்த்தோம்.

பள்ளத்தூர்:

எங்கள் ஐயாவிடம், தோளைச் சுற்றிச் சுழற்றிப் பழகும் கர்லாக்கட்டை ஒரு ஜோடி இருந்தது. வீடு பங்கு பிரித்தபோது பழைய சாமானோடு சாமானாக எடைக்குக் கொடுத்துவிட்டோம். போன வருடம் தோள்பட்டை பிடித்துக்கொண்டு, ஜிம்மில் தனியாக ட்ரெய்னர் வைத்துத் தோளைச் சுற்றுகிற பயிற்சி மூன்று மாதம் செய்தேன். அப்போது காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் ஒரு ஜோடி பார்த்தேன். கைப்பிடி வியர்வையில் கறுத்து, பெருவிரல் படுகிற இடம் மட்டும் லேசாகப் பள்ளம் விழுந்திருந்தது. என் பெருவிரலை வைத்துப் பார்த்தேன். ஐயாவுடையதா என்று கேட்டால் தெரியாது. விலை கேட்டுவிட்டு வந்துவிட்டேன். மறுவாரம் போனபோது இல்லை.

காவடிக்காரன்:

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் கூடிப் பழனிக்கு நடக்கும் காவடியோடு முதல்முறை போக வேண்டும் என்று இரண்டு மாதம் ட்ரெட்மில்லில் தினம் எட்டு கிலோமீட்டர் பழகினேன். மூச்சு வாங்கவே இல்லை, அந்த வகையில் நல்லதுதான். ஆனால் நத்தத்துக்கு முன்பே இரண்டு பாதமும் கொப்புளம். பெல்ட் மெத்து மெத்தென்று இருக்கும், நிழலில் நடப்போம். தார் ரோடு ஓரத்தில் சரிந்திருக்கும், ஜல்லி இருக்கும், வெயில் ஏறும். ஒரு தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்துவிட்டேன். முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். அவரைவிட நான் முப்பது வயது இளையவன். காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், விடவில்லை. போய்ச் சேர்ந்தேன். இந்த வருடம் கீழத்தெரு ஊருணியைச் சுற்றித்தான் பழகுகிறேன்.

தேவகோட்டை:

மாஸ்டர் தம்பி, எல்லோரையும் சொல்லவில்லை. உங்கள் சார் கதையைப் படித்ததும் கோபம் பாதி போய்விட்டது. மீதிப் பாதி இருக்கிறது. மூடப்போவது தெரிந்திருந்தால் ஜனவரியில் என்னிடம் ஏன் வருடத்துக்கு வாங்க வேண்டும்? பிறகுதான் விசாரித்தேன். 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது. ஆனால் ரசீது வேண்டும். ஜிபே-யில் அனுப்பியிருந்தாலாவது கணக்கில் இருந்திருக்கும், நான் நோட்டாகக் கொடுத்தேன். நீங்கள் யாரும் அப்படிக் கொடுக்காதீர்கள்.

கோட்டையூர்க்காரி:

எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். கண்டனூர் ஆச்சி சொன்ன மறுநாளே எம்.சி.ஆர் செருப்பு, சர்க்கரை உள்ளவர்கள் போடும் மெத்தென்ற ரப்பர் செருப்பு, வாங்கிவந்தேன். வளவுக்குள் செருப்பா என்று எங்கள் ஆத்தா (அம்மா) ஒப்பவே இல்லை. அப்பச்சியின் பாதத்தைத் திருப்பிக் காட்டினேன். குதிகாலில் ஒரு வெடிப்பு, அவருக்கே தெரியாது. ஆத்தா அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, பேசாமல் செருப்பை எடுத்து அவர் காலடியில் வைத்தார்.

மோட்டார்க்கார அண்ணே, சிவப்புச் சாவி கவரிலேயேதான் இருந்தது.

அப்பச்சியிடம் உட்கார்ந்து கேட்டேன். "நின்ன எடத்துலயே நடக்குறது மனசுக்கு ஒப்பல ஆத்தா. எங்க போறோம்னு தெரியல" என்றார். ஜிம்முக்குப் போவோமா என்றதற்குச் சிரித்தார். அதனால் மாஸ்டர் சொன்னதில் வீட்டில் முடிகிறதைச் செய்கிறோம். டாக்டரையும் கேட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுகிறார், பத்து தடவை. தூணைப் பிடித்து ஒற்றைக்காலில் நிற்கிறார். முதல் நாள் எட்டு எண்ணுவதற்குள் கால் ஊன்றிவிட்டார். நேற்று இருபது.

தம்பியிடம் வீடியோவில் நானே சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "செம்பைக் காட்டு" என்றான்.

மிஷின் இரண்டாங்கட்டில்தான் கம்பளி போர்த்தி இருக்கிறது. ஒரு மாதம் போல ஓடியது, பெல்ட் நன்றாக இருக்கிறது, சாவியும் இருக்கிறது. தேவைப்படுகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வந்து ஏறி நடந்து பார்த்துவிட்டு எடுத்துப் போகலாம்.