நிலா வெளிச்சம் எட்டாத ஆழத்தில் பவளங்கள் எப்படி இனம் பெருக்குகின்றன?

கயல்:
வணக்கம், ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் சந்தேகம் ஒன்று. ஆழம் குறைந்த கடலில் பவளங்கள் பௌர்ணமியை வைத்து நாள் குறிக்கின்றன என்று தெரியும். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் பெரும்பாலும் நவம்பர் பௌர்ணமி கழிந்த சில இரவுகளுக்குள் எத்தனையோ இனப் பவளங்கள் ஒன்றாக முட்டையும் விந்தும் கலந்த கடுகளவு உருண்டைகளை விடுகின்றன. அவை இளஞ்சிவப்பாக மேலே எழும்பிப் போகும் காணொளியை என் மகளோடு உட்கார்ந்து நாலைந்து தடவை பார்த்துவிட்டேன். போன வாரம் நார்வே கடலில் 300, 400 மீட்டர் ஆழத்தில் இருக்கும் பவளத்திட்டு ஒன்றைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது அவள்தான் கேட்டாள்: "அங்கே நிலாவே தெரியாதேம்மா, அப்புறம் அதுக்கு எப்படி நாள் தெரியும்?" என்னிடம் பதில் இல்லை. முதலில் அவை முட்டை விடுகின்றனவா, இல்லை கிளை விட்டு வளர்வதோடு சரியா? கொஞ்சம் விளக்கமாகவே சொல்லுங்கள், அவளுக்குப் படித்துக் காட்டப் போகிறேன்.

நெய்தல்நிலன்:
அருமையான கேள்வி, மகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். நீங்கள் படித்தது லோஃபோட்டன் தீவுகளுக்கு அப்பால் 2002-இல் கண்டுபிடித்த ரோஸ்ட் திட்டாக இருக்கும். அதைக் கட்டிய பவளத்தின் பெயர் லோஃபீலியா பெர்டூசா. 2016-இல் டெஸ்மோஃபில்லம் பெர்டூசம் என்று மாற்றிவிட்டார்கள், ஆனால் இன்னும் எல்லோர் வாயிலும் லோஃபீலியாதான்.

முட்டை விடுகிறது, நிறையவே விடுகிறது. நம் மன்னார் வளைகுடாவில் இருக்கும் மான்கொம்புப் பவளம் மாதிரி ஒரே பாலிப்புக்குள், அதாவது பவளத்தின் வாயுள்ள ஒரு குட்டி உயிருக்குள், முட்டையும் விந்தும் சேர்ந்திருப்பது இதில் கிடையாது. பாலிப்புகள் ஒட்டி வளர்ந்த கூட்டத்தைத் திரள் என்போம்; ஒரு திரள் முழுக்க ஆண், இன்னொரு திரள் முழுக்கப் பெண். சுண்ணாம்பு எலும்பை அமிலத்தில் கரைத்துவிட்டு மிஞ்சிய சதையை மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தால், பெண் பாலிப்பின் உட்சுவர் மடிப்புகளில் வெண்டைக்காய்க்குள் விதை அடைந்திருப்பதுபோல் முட்டைகள் வரிசையாக அடைந்திருக்கும். ஒரு பாலிப்பிலேயே சுமார் 3,000 முட்டை வரை எண்ணியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்குதான் இருக்கும், வெறும் கண்ணுக்குத் தூசி மாதிரி. இவை தண்ணீரில் விடப்பட்டு, ஆண் திரள் விட்ட விந்து நீரோட்டத்தில் வந்து சேர்ந்து, வெளியிலேயே கருவுறுகின்றன.

சரி, நாள் எப்படித் தெரியும்? இங்கே நிலாவை விட்டுவிட்டுச் சோற்றைப் பார்க்க வேண்டும். இந்தப் பவளத்தின் உடம்பில் பாசி கிடையாது, வெயிலை வைத்துச் சமைத்துக்கொள்ள வழியில்லை. மேலிருந்து இறங்கி வருவதையும் நீரோட்டம் அடித்து வருவதையும் பிடித்துத் தின்றுதான் பிழைக்கிறது. மேற்பரப்பில் வசந்தத்தில் மிதவைப் பாசி பெருகும்போது அதன் மிச்சமும் அதைத் தின்ற சின்ன உயிர்களும் ஆழத்துக்கு வந்து சேரும். ஆக, வெளிச்சம் இல்லாத இடத்திலும் பருவம் இருக்கிறது, அது சாப்பாடாக வருகிறது. நீரின் வெப்பநிலை மாற்றமும் கூடச் சேரும். அதனால்தான் ஆய்வாளர்கள் இந்த இரண்டையும் முதலில் கைகாட்டுகிறார்கள். நார்வேயின் ட்ரான்ட்ஹெய்ம் ஃபியோர்டில் (நிலத்துக்குள் நீண்டு நுழைந்த குறுகிய கடல்) ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் முட்டை விடும் இதே இனம், மெக்சிகோ வளைகுடாவில் இலையுதிர் காலத்தில் விடுகிறது. ஒரே உயிர்தான், ஆனால் ஊருக்கு ஊர் பஞ்சாங்கம் வேறு.

நார்வே கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். முட்டையிலிருந்து வரும் லார்வா அவசரமே படாது. ஏழெட்டு டிகிரிக் குளிரில் ஒரு செல் இரண்டாகப் பிரியவே ஆறு முதல் எட்டு மணி நேரம். ஐந்து நாள் கழித்து உடம்பெல்லாம் மெல்லிய முடி முளைத்து நீந்தத் தொடங்கும், அதுவும் மேல்நோக்கி, நொடிக்கு அரை மில்லிமீட்டர். கேட்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும், ஆனால் நேராகப் போனால் ஒரு நாளைக்கு 43 மீட்டர் வருகிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள். சுமார் 20 நாளில் வாய் திறந்து தின்ன ஆரம்பிக்கும். பிப்ரவரியில் பிறந்தது மார்ச், ஏப்ரலில் வசந்தப் பாசி பெருகும் நேரத்துக்கு மேலே இருந்தால் அதற்குப் பந்தி தயார்.

கயல்:
மிக்க நன்றி ஐயா, அவளுக்கு வெண்டைக்காய் உதாரணம் உடனே புரிந்துவிட்டது. ஒரு துணைக்கேள்வி. முருங்கைக் கொம்பை ஒடித்து நட்டால் துளிர்க்கிற மாதிரி, பவளக்கிளை ஒடிந்து விழுந்தால் அதுவும் வளருமா? அப்படி வளருமானால் இழுவலை பட்டு உடைந்தாலும் அது பெருகத்தானே செய்யும்?

முத்துக்குளி:
தங்கச்சி, முதல் பாதிக்கு ஆமாம், இரண்டாவது பாதிக்கு இல்லை. ஒடிந்த கிளை சேற்றில் புதையாமல் கெட்டியான எதன்மேலாவது விழுந்தால் வளரும். ஒரு பாலிப்பின் பக்கத்திலிருந்து இன்னொன்று மொட்டு விட்டு, அதிலிருந்து இன்னொன்று, ஆண்டுக்கு சில மில்லிமீட்டரிலிருந்து 2 செ.மீ. சொச்சம் வரை. திட்டின் பெரும்பகுதி இப்படித்தான் உருவாகிறது. ஆனால் அந்தக் கிளை தாய்த் திரளின் நகல். தாய் பெண் என்றால் அதிலிருந்து ஒடிந்து பரவிய அத்தனையும் பெண். ஒரு மேடு முழுக்கப் பச்சென்று உயிரோடு இருந்தாலும் அது ஒரே கொம்பின் வழி வந்ததாக இருந்தால், பக்கத்தில் ஆண் திரள் இல்லாதவரை அத்தனை முட்டையும் வீண். நெய்தல்நிலன் சொன்ன ஆண் தனி, பெண் தனி என்ற விஷயத்தின் முழு எடை இங்கேதான் தெரியும்.

அப்புறம் அளவு. ஸ்காட்லாந்துக்கு வடமேற்கே சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில் டார்வின் மேடுகள் என்று இருக்கின்றன, 1998-இல் கண்டுபிடித்தார்கள். அதற்குள்ளேயே இழுவலைகள் அங்கே உழுதிருந்தன. பலமாக உழப்பட்ட பகுதியிலிருந்து எடுத்த பவளத் துண்டுகளைச் சீவிப் பார்த்தபோது சதை உயிரோடு இருந்தது, முட்டையோ விந்தோ இல்லை. சின்னதாக உடைந்த திரள் முதலில் தன்னைச் சரிசெய்துகொள்ளத்தான் சக்தியைச் செலவழிக்கும், இனப்பெருக்கம் பிறகுதான். 2003-இல் அங்கே கடலடி இழுவலைக்குத் தடை வந்தது. நான் இழுவலைப் படகுகள் போகும் ஊரில் வளர்ந்தவன், வலையோடு என்னவெல்லாம் மேலே வரும் என்று பார்த்திருக்கிறேன். அதனால் "உயிரோடுதான் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் "முட்டை இருக்கிறதா?" என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

வெண்சங்கு:
எல்லா ஆழ்கடல் பவளமும் லோஃபீலியா மாதிரி என்று மகள் நினைத்துவிட வேண்டாம், அதனால் இதையும் சேர்த்துப் படித்துக் காட்டுங்கள். அண்டார்டிகா தீபகற்பத்தை ஒட்டி ஃபிளாபெல்லம் என்று ஒரு பவளம், திட்டெல்லாம் கட்டாது, விசிறி மாதிரித் தனித்தனிக் கிண்ணம். அது முட்டையைத் தண்ணீரில் விடுவதில்லை. உடம்புக்குள்ளேயே வைத்து வளர்த்து, நன்றாகத் திரண்ட லார்வாவாகத்தான் வெளியே விடும். அதில் ஓர் இனத்தின் முட்டை சுமார் 5 மி.மீ., அதாவது நல்ல துவரம்பருப்பு அளவு! லோஃபீலியா ஆயிரக்கணக்கில் தூவுகிறது, இது கொஞ்சமாகப் பெற்று ஒவ்வொன்றுக்கும் கட்டுச்சோறு கட்டி அனுப்புகிறது. வடகிழக்கு அட்லாண்டிக்கின் காரியோஃபில்லியா இனங்கள் சிலவற்றில் இன்னும் விசித்திரம், ஒரே பவளம் ஒரு சுற்றுக்கு ஆணாகவும் அடுத்த சுற்றுக்குப் பெண்ணாகவும் மாறிக்கொள்கிறது. தனியாக உட்கார்ந்திருக்கும் உயிருக்கு, அருகில் எது இருந்தாலும் ஜோடி கிடைக்கும் வாய்ப்பு அதனால் கூடும் என்பது என் எண்ணம்.

நெய்தல்நிலன்:
வெண்சங்கு சொன்னது மிகச் சரி. முத்துக்குளி அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், கயலின் மகளுக்கு இது பிடிக்கும். லோஃபீலியா லார்வா மூன்று முதல் ஐந்து வாரத்தில் கீழே இறங்கித் தரையைத் தடவிப் பார்க்கத் தொடங்கும், பிடித்த இடம் கிடைக்காவிட்டால் மறுபடி மிதக்கும். ஆய்வகத்தில் சில லார்வாக்கள் ஒரு வருடம் வரை உயிரோடு இருந்திருக்கின்றன. அவ்வளவு நாள் நீரோட்டத்தில் போனால் எவ்வளவு தூரம் போகும்! வட கடலில் பிரென்ட் ஸ்பார் என்று ஒரு எண்ணெய்ச் சேமிப்பு மிதவை 1976-இலிருந்து நின்றது, பிறகு அதைப் பிரித்தெடுத்தபோது நீருக்குள் இருந்த இரும்பின்மேல் லோஃபீலியா திரள்கள் வளர்ந்திருந்தன. சுற்றுப்புறத்தில் அதற்குத் திட்டே கிடையாது. யாரும் கொண்டுவந்து நடவில்லை, எங்கிருந்தோ மிதந்து வந்த தூசியளவு லார்வா அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டது. 2018-இல் நீரோட்டக் கணினி மாதிரிகளை வைத்துப் பார்த்ததில், அப்படி எண்ணெய் மேடைகளில் வளரும் பவளத்தின் லார்வாக்கள் நார்வேயின் பாதுகாக்கப்பட்ட திட்டு வரைக்கும் போய்ச் சேர முடியும் என்று வந்தது.

கயல்:
படித்துக் காட்டிவிட்டேன். "இரும்பில் வந்து ஒட்டியது ஆணா, பெண்ணா?" என்று கேட்கிறாள். இரண்டும் வந்து ஒட்டியிருந்தால்தான் அங்கிருந்து லார்வா கிளம்பும் என்று சொன்னேன், சரிதானே?

முத்துக்குளி:
ரொம்பச் சரி தங்கச்சி. அதுவும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் ஒட்டியிருக்க வேண்டும், தூரமென்றால் விந்து வந்து சேர்வதற்குள் தண்ணீரில் கரைந்து போய்விடும்.