புதுப்பிப்பு: 'பாடி அண்ட் சோல்' பதிவில் மெட்டு எங்கே?

'பாடி அண்ட் சோல்' பாடலைப் பியானோவில் வாசித்து இந்த இழையில் பகிர்ந்திருந்தேன்; அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸின் பதிவில் மெட்டே கேட்கவில்லையே என்று அன்பர் ஒருவர் கேட்டிருந்தார். ஜானி கிரீன் 1930-இல் இசையமைத்த இப்பாடலை, சில ஆண்டுகள் ஐரோப்பாவில் வாசித்துவிட்டு நாடு திரும்பிய ஹாக்கின்ஸ், 1939 அக்டோபரில் நியூயார்க்கில் பதிவு செய்தபோது, மூல மெட்டைத் தொடக்கத்தில் கோடிட்டுக் காட்டிவிட்டு, பிறகு கார்டுகளின் (chords, சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களின்) போக்கை மட்டும் பற்றிக்கொண்டு, இரண்டு சுற்றுகளையும் டெனர் சாக்ஸபோனில் மனோதர்மமாகவே வாசித்து முடித்தார். அப்படியிருந்தும் அந்த இசைத்தட்டு நன்றாக விற்றது என்பதுதான் எனக்கு வியப்பு.

வாசிக்க விரும்புவோர் நடுப்பகுதியைக் கவனிக்க வேண்டும்: டி ஃபிளாட் மேஜர் சுருதியில் செல்லும் பாடல், அங்கே அரைச் சுரம் ஏறி டி மேஜருக்குத் தாவி, சி மேஜருக்கு இறங்கி, 8 பார்களுக்குள் (bars, தாளப் பகுதிகள்) பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. விரல்கள் தடுமாறுவது அங்கேதான் என்பதால், அந்த 8 பார்களை மட்டும் தனியாக, விளம்ப காலத்தில் பழகலாம்.